அஞ்சாவது கியரும் அப்பாவோட அம்பாசடரும்

தலைப்பைப் பாத்துட்டு ஏதோ மெக்கானிக் பாடம்னு ஓடிடாதீங்க மக்களே. பாதி வரலாறு, பாதி கொசுவத்தி, நடுவுல கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான்.

முதல்ல கொசுவத்தி. அப்பா ஒரு அம்பாசடர் வச்சிருந்தார். மார்க் 3, வெள்ளைக் கலர். ஸ்டியரிங்குக்குப் பக்கத்துலயே கியர் ராடு, மொத்தம் நாலு கியர். எண்பதுகள்ல திருநெல்வேலியிலேர்ந்து மதுரைக்குப் போறதுன்னா அது ஒரு திருவிழா. ரெண்டு பக்கமும் மரம், எதிர்ல லாரி, முன்னாடி மாட்டு வண்டி. அறுபதுல போனாலே "மெதுவா போங்க"ன்னு அம்மா முன் சீட்டைப் பிடிச்சுக்குவாங்க. அந்த ரோட்டுல அம்பாசடர் ராஜா.

அப்புறம் 2000களின் பிற்பகுதியில வடக்கு-தெற்கு சாலைத் திட்டத்துல அந்த ரோடு நாலு வழிச்சாலை ஆச்சு. நேர் ரோடு, நடுவுல அரளிச் செடி. நேத்து வந்த குட்டி கார் எல்லாம் சர்ர்ர்னு நூறுல போகுது. அப்பா எண்பதைத் தாண்டினா இஞ்சின் கத்துற கத்துல பின் சீட்டுல பேசறது முன் சீட்டுக்குக் கேக்காது. அந்த நேரத்துல அப்பாவோட இடது கை தானா கியர் ராடுகிட்ட போகும். அடுத்த கியர் இருந்தாத்தானே? சும்மா தொட்டுட்டுத் திரும்பி வந்துடும்.

2010-ல வண்டியை எடைக்குப் போட்டார். "வயசாயிடுச்சுப்பா, இனிமே ஓடாது"ன்னார். நானும் சரின்னு நம்பிட்டேன். அது தப்புன்னு தெரிஞ்சது ரெண்டு வருசம் கழிச்சு, ஆக்ஸ்ஃபோர்ட் பக்கத்துல ஒரு வீட்டு கராஜ்ல.

அந்தக் கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. அந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் ஏன் நாலு கியர்?

இஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. ரொம்ப மெதுவா சுத்தினா அதுக்குச் சக்தி கிடையாது. அதனால நின்ன இடத்துலேர்ந்து வண்டியை நகர்த்த, இஞ்சின் மூணு நாலு தடவை சுத்தினா பின்னாடி போற புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு தடவை சுத்தற மாதிரி பல் சக்கரம் வைக்கறாங்க. அது முதல் கியர். வேகம் ஏற ஏற அந்த விகிதம் குறையும். பழைய வண்டிகள்ல நாலாவது கியர்ல விகிதமே கிடையாது. இஞ்சின்லேர்ந்து வர்ற ஷாஃப்டும் பின்னாடி போற ஷாஃப்டும் ஒண்ணா பூட்டிக்கும். ஒண்ணுக்கு ஒண்ணு. பல்லோட பல்லு உரசி பாரம் சுமக்கற வேலையே இல்லை, அதனால நஷ்டமும் கம்மி. "டாப் கியர்"னு நாம சொல்றது இதைத்தான். அதுக்கு மேல என்ன வேணும்னு அன்னிக்கு இஞ்சினியர்கள் நினைச்சதுல தப்பே இல்லை. 1891 வாக்குல பிரான்சுல பனார் எ லவாசோர் கம்பெனி பல் சக்கரத்தை நகர்த்தி மாத்தற கியர் பாக்ஸைக் கொண்டு வந்துச்சு. அதுக்கப்புறம் ஜனங்களோட பெரிய தலைவலி கியர் எத்தனைங்கறது இல்லை, கியர் மாத்தும்போது வர்ற 'கர்ர்ர்' சத்தம்தான். அதுக்கு மருந்தா 1928-ல கேடிலாக் வண்டியில சிங்க்ரோமெஷ் வந்துச்சு. அப்பவும் ரொம்ப காலத்துக்குப் பல வண்டியில முதல் கியருக்கு மட்டும் அது கிடையாது. டபுள் கிளட்ச் போட்டு ஓட்டின நம்ம பெரிசுகளைக் கேளுங்க, கதை கதையா சொல்வாங்க.

ஆக, வண்டியில குறை இல்லை. மாறினது ரோடு.

இங்கிலாந்துல அது நம்மளை விட அம்பது வருசம் முன்னாடியே நடந்துடுச்சு. 1958 டிசம்பர்ல பிரஸ்டன் பைபாஸ், 1959 நவம்பர்ல எம்1 மோட்டார்வே. திறந்த அன்னிக்கு வேகக் கட்டுப்பாடே கிடையாது! சந்து பொந்துல, கிராமத்து வளைவுல ஓடறதுக்குன்னு செஞ்ச வண்டிகளை ஜனங்க ஆசையா எடுத்துட்டுப் போய் ஒரே மிதியா மிதிச்சாங்க. மணிக்கணக்கா அந்த மாதிரி சுத்தறதுக்கு அந்த இஞ்சின்கள் பிறக்கவே இல்லை. ரோட்டோரம் பூரா பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னாங்க. 1965 டிசம்பர்லதான் 70 மைல் வேக வரம்பு வந்துச்சு, அதாவது மணிக்கு சுமார் 112 கிலோமீட்டர்.

கம்பெனிகள் இதுக்கு ஒரு வைத்தியம் வச்சிருந்தாங்க. பேர் ஓவர்டிரைவ். எட்கர் டி நார்மன்வில்னு ஒருத்தர் வடிவமைச்சு, லேகாக் கம்பெனி செஞ்சது. கியர் பாக்ஸோட வால்ல ஒட்டிக்கற ஒரு குட்டிப் பெட்டி. டாப் கியர்ல போகும்போது ஒரு ஸ்விட்சைத் தட்டினா இஞ்சின் வேகம் குறையும், வண்டி வேகம் குறையாது. நாப்பதுகளோட கடைசியில ஸ்டாண்டர்ட் வான்கார்ட் வண்டியில வந்துச்சு. (அந்த வான்கார்டைத்தான் நம்ம மெட்ராஸ்லயும் அசெம்பிள் பண்ணி வித்தாங்க.) ஆனா பெரும்பாலான வண்டிக்கு ஓவர்டிரைவ்ங்கறது தனிக் காசு. காசு கொடுத்தவனுக்கு மட்டும்தான் அஞ்சாவது கியர்.

1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் கதை மாறிச்சு. பெட்ரோலை மிச்சம் பிடிக்கணும்னா இஞ்சின் மெதுவா சுத்தணும். அஞ்சாவது கியர் ஆடம்பரம்ங்கறது போய் சாதாரணக் குடும்ப வண்டிக்கும் வர ஆரம்பிச்சது. 1982-ல ஃபோர்டு சியரான்னு ஒரு வண்டி வந்துச்சு. அதோட கியர் பாக்ஸ் பேர் டைப் 9. ஃபோர்டு அதைப் புதுசா யோசிக்கவே இல்லை. ஏற்கனவே இருந்த நாலு கியர் பாக்ஸை எடுத்து, அதோட வால் பக்கத்துல ஒரு ஜோடி பல் சக்கரம் சேத்துட்டாங்க. அவ்வளவுதான் அஞ்சாவது கியர். விகிதம் 0.82. அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் 100 தடவை சுத்தறதுக்கு இஞ்சின் 82 தடவை சுத்தினா போதும்.

சியரா சக்கைப்போடு போட்ட வண்டி. வித்த வண்டி எல்லாம் ஒருநாள் காயலான் கடைக்கு வந்துதானே ஆகணும்? வந்துச்சு. பழைய பிரிட்டிஷ் கார் வச்சிருந்தவங்களுக்குத் திடீர்னு குறைஞ்ச விலையில, சின்ன சைஸ்ல, அஞ்சு கியர் பாக்ஸ் கிடைக்க ஆரம்பிச்சது. மாரிஸ் மைனர், எம்ஜிபி, டிரயம்ஃப்னு எல்லாத்துலயும் இது ஏறிச்சு. எந்தக் கம்பெனியும் இதை உத்தரவு போட்டுச் செய்யலை. வீட்டு கராஜ்ல, சனி ஞாயிறுல, கையெல்லாம் எண்ணெயோட நடந்த வேலை இது.

*

இனி பெரியவர் கதை. 2012-ல நான் அங்க வேலையில இருந்தப்ப பக்கத்து வீட்டுக்காரர். எழுபது தாண்டின, ரிட்டயர் ஆன மனுசர். அவர்கிட்ட 1971 எம்ஜிபி ஜிடி ஒண்ணு இருந்துச்சு. எம்ஜிபி 1962-லேர்ந்து 1980 வரைக்கும் ஆபிங்டன் தொழிற்சாலையில செஞ்ச வண்டி. ஒருநாள் பானெட்டைத் திறந்து காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த இஞ்சினை எனக்குத் தெரியுமே! பிஎம்சி பி-சீரீஸ். அப்பாவோட அம்பாசடர்ல இருந்தது 1489 சிசி, இது 1798 சிசி. ஒரே குடும்பம், அண்ணன் தம்பி.

அவர் வண்டியில ஓவர்டிரைவ் கிடையாது. மோட்டார்வேல 70 மைல்ல போனா இஞ்சின் 3900 சுத்து. அவர் வீட்டம்மா அந்தச் சத்தத்துக்குப் பயந்து வண்டியில ஏறறதையே விட்டுட்டாங்க. "ஒண்ணு கியர் பாக்ஸை மாத்தணும், இல்லே வண்டியை விக்கணும்"னார். நான் உதவிக்கு வர்றேன்னேன். எடுபிடி வேலைதான், ஹிஹி.

எம்ஜிபியில கியர் பாக்ஸை மட்டும் கீழ் வழியா இறக்க முடியாது. இஞ்சினையும் சேத்து மேல தூக்கணும். வாடகைக்கு ஒரு கிரேன் எடுத்தோம். தண்ணியை வடிச்சு, ஒயர் எல்லாம் கழட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒட்டுக் காகிதத்துல பேர் எழுதி வச்சார். தூக்கும்போது மூக்கு மேல, வால் கீழேன்னு சாய்ச்சு எடுக்கணும்.

சியரா பெட்டியைப் பிரிச்சு லே ஷாஃப்ட் பேரிங் எல்லாம் புதுசு போட்டு முதல்லயே தயாரா வச்சிருந்தார். பி-சீரீஸ் இஞ்சினும் ஃபோர்டு பெட்டியும் நேரா சேராது. நடுவுல ரெண்டுக்கும் பொருந்தற மாதிரி ஒரு பெல் ஹவுசிங் வேணும், அது கிட்டா கிடைக்குது. கிளட்ச் பிளேட்டுக்கு வெளி அளவு எம்ஜிபி, நடுவுல இருக்கற பல்லு ஃபோர்டு. கிராங்க் ஷாஃப்டோட கடைசியில இருக்கற சின்ன புஷ்ஷையும் ஃபோர்டு ஷாஃப்டோட நுனிக்கு ஏத்த மாதிரி மாத்தணும். புரொப்பல்லர் ஷாஃப்டை நீளம் மாத்தி பேலன்ஸ் பண்ண வெளிய பட்டறையில கொடுத்தார். அது வீட்டுல செய்யற வேலை இல்லைன்னு கண்டிப்பா சொல்லிட்டார்.

ரெண்டாவது வாரம் இஞ்சினையும் பெட்டியையும் சேக்கறோம். கடைசி அரை அங்குலம் போக மாட்டேங்குது. நான் கெட்டிக்காரத்தனமா நாலு போல்ட்டை மாட்டி ஸ்பானரால இழுத்துடலாம்னேன். பெரியவர் என் கையிலேர்ந்து ஸ்பானரை வாங்கிக் கீழ வச்சார். "கையால தள்ளிப் போகாததை போல்ட்டால இழுக்கக் கூடாது. உள்ள ஏதோ உடையும், என்னன்னு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும்"னார். மறுபடி பிரிச்சுப் பாத்தா கிளட்ச் பிளேட் மயிரிழை தள்ளி உக்காந்திருக்கு. பழைய ஃபோர்டு ஷாஃப்ட் ஒண்ணைச் சொருகி நடுவுக்குக் கொண்டு வந்தார். அப்புறம் வெண்ணெய் மாதிரி உள்ள போச்சு. எனக்கு அந்தக் குளிர்லயும் வேர்த்துடுச்சு.

மொத்தம் அஞ்சு வார இறுதி. ஆறாவது ஞாயித்துக்கிழமை எம்40-ல ஏறினோம். அவர் வீட்டம்மா முன்னாடி, நான் பின் சீட்டுன்னு பேருக்கு இருக்கற பலகையில மடிஞ்சு உக்காந்தேன். நாலாவதுல 70 மைல். அதே பழைய அலறல். அப்புறம் கிளட்ச்சை மிதிச்சு அஞ்சாவதுல போட்டார். கணக்குப்படி 3900 சுத்து 3200 ஆகணும். மீட்டர் முள்ளும் சரியா அங்கதான் போய் நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல அந்தம்மா தூங்கிட்டாங்க. பெரியவர் ஒண்ணும் பேசலை, கண்ணாடியில என்னைப் பாத்து ஒரு சிரிப்பு.

எல்லாம் லாபம்னு சொல்ல மாட்டேன். டைப் 9-ல முதல் கியர் விகிதம் 3.65, ரெண்டாவது 1.97. நடுவுல பெரிய பள்ளம். முதல் கியர்ல 5000 சுத்துல மாத்தினா ரெண்டாவதுல 2700-க்கு விழுந்துடும். எம்ஜிபியோட சொந்தப் பெட்டியில அது 3150 வாக்குல நிக்கும். மலை ஏறும்போது இது உறைக்கும். ஸ்பீடாமீட்டர் வேற தப்பா காட்டுச்சு, அதைத் தனியா சரி பண்ண வேண்டியிருந்துச்சு. இன்னொரு வேடிக்கை: எம்ஜியோட சொந்த ஓவர்டிரைவ் விகிதமும் 0.82-தான்! 1971-ல தனிக் காசுக்குக் கம்பெனி கொடுத்ததைத்தான் இவர் நாப்பது வருசம் கழிச்சு காயலான் கடை வழியா வாங்கியிருக்கார்.

பழைய கார் பிரியர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, "ஒரிஜினலைக் கெடுத்துட்டீங்களே"ன்னு வருத்தப்பட்டார். பெரியவர் கராஜ் மூலைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். பழைய நாலு கியர் பெட்டி எண்ணெய் பூசி, துணி சுத்தி, பலகை மேல. உடம்புல ஒரு இடத்துலயும் வெட்டலை, ஒரு ஓட்டை போடலை. "எனக்கப்புறம் யாருக்காவது வேணும்னா திரும்ப மாட்டிக்கட்டும். அதுவரைக்கும் இது ஓடணும். ஓடாத ஒரிஜினலை விட ஓடற வண்டி மேல்"னார். என் கட்சியும் அதுதான். ஆனா அந்த வெட்டாத உடம்பு இருக்கே, அதுதான் அவர் பேச்சுக்கு அத்தாட்சி. உளியை எடுத்திருந்தா நான் வந்தவர் பக்கம் போயிருப்பேன்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே தொண்ணூறுகளோட ஆரம்பத்துல 1.8 லிட்டர் இசுசு இஞ்சினும் அஞ்சு கியரும் போட்டு அம்பாசடரை வித்ததைச் சொன்னேன். அது அப்பாவுக்கும் தெரியும். "அது இஞ்சினோட சேத்து மாத்தணும்பா, ஆர்.சி. புக்குல மாத்தணும், அவ்வளவு யார் அலையறது"ன்னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ வண்டி மேல தப்பு இல்லைங்கறே?"

இல்லைப்பான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது, வண்டி போய் ரெண்டு வருசம் ஆச்சு.

உத்தரபாரா தொழிற்சாலையில அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாசத்தோட நின்னுடுச்சு. உங்க வீட்டுலயோ சித்தப்பா வீட்டுலயோ ஒண்ணு தார்ப்பாய்க்குள்ள நின்னுட்டிருந்தா, "வயசாயிடுச்சு"ன்னு எடைக்குப் போடறதுக்கு முன்னாடி, நிஜமாவே வண்டிக்குத்தான் வயசாச்சான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது கிரேன் வாடகைக்கு எடுத்தா அடியேன் பொறுப்பில்லை. ஸ்பானரைக் கீழ வைக்கச் சொல்ல பக்கத்துல ஒரு பெரியவர் இருக்கணும், அது முக்கியம்.