அதிரடி நிகழ்பட ஆட்டங்களில் தொடக்கநிலைப் பயிற்சி: ஒரு வரலாறு

வீடியோ கேம் என்று பேச்சு வழக்கில் கூறப்படும் நிகழ்பட ஆட்டங்களுள், பல விசைகளை விரைந்து இயக்கிப் போரிடும் அதிரடி ஆட்டங்கள் கடினமானவை. புதிதாக ஆட வருபவர் சில நிமிடங்களில் தோற்று, 'இது நமக்கு வராது' என்று விலகிவிடுவது உண்டு. இத்தகையோருக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதை ஆட்டங்களை வடிவமைத்தோர் படிப்படியாகவே கண்டறிந்தனர்.

குடுமியான்மலை காட்டும் முறை

கடினமான கலையைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலின் குடைவரையை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. எழுத்தமைதி கொண்டு இது பொ.ஊ. 7ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்படுகிறது. இதில் சுரங்கள் ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்கள் கொண்ட தொகுதிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவரான ஓர் அரசர், இசை பயிலும் மாணவர்களின் நலனுக்காக இதனை அமைத்ததாகக் கல்வெட்டே கூறுகிறது. நிகழ்பட ஆட்டத் துறையும் பிற்காலத்தில் இதே போன்ற ஒரு முறைக்கே வந்து சேர்ந்தது.

தொடக்கக் காலம்

1971இல் அமெரிக்காவில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகியோர் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற ஆட்டத்தை உருவாக்கினர். நாணயம் இட்டு ஆடும் இந்த ஆட்டத்தில், விண்கலத்தை இருபுறமும் திருப்பவும், முன்செலுத்தவும், சுடவும் தனித்தனி விசைகள் இருந்தன. விளக்கக் குறிப்புகளைப் படித்த பின்னரே ஆட வேண்டியிருந்தது. பொதுமக்களில் பலருக்கு அது புரியவில்லை. மறு ஆண்டு ஆலன் ஆல்கார்ன் உருவாக்கிய 'பாங்' ஆட்டத்தில் ஒரு குமிழைத் திருப்பிப் பந்தைத் தடுத்தால் போதும். அது பெரும் வெற்றி பெற்றது.

சொல்லின்றிக் கற்பித்தல்

சப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் சிகேரு மியாமோட்டோ வடிவமைத்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985இல் வெளியானது. அதன் முதல் கட்டமே ஒரு பாடம். மாரியோ திரையின் இடப்புறம் நிற்கிறார், வலப்புறம் வெற்றிடம். எனவே வலப்புறம் செல்ல வேண்டும் என்பது தானே விளங்குகிறது. எதிரே வரும் பகை உருவத்தைத் தாண்டக் குதிக்க வேண்டும் என்பதும் அவ்வாறே. பின்னர், விழுந்தாலும் கேடில்லாத ஒரு பள்ளமும், அதனையடுத்து விழுந்தால் உயிர் போகும் பள்ளமும் வருகின்றன. இதற்கு எழுத்து விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஆங்கிலமோ சப்பானியமோ அறியாத தமிழ்ச் சிறுவர்களும் தாமே கற்றுக்கொள்ள முடிந்ததற்கு இதுவே காரணம்.

தோல்வியும் பாடமாதல்

1998இல் வெளியான 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தில், கதைக்கு வெளியே தனிப் பயிற்சிக் களம் அமைக்கப்பட்டது. 2011இல் கிடேடாகா மியாசாக்கி இயக்கிய 'டார்க் சோல்ஸ்' வேறு வழியில் சென்றது. முறிந்த வாளுடன் இருக்கும் புதியவர் முன் ஒரு பேருருவ அரக்கன் குதிக்கிறான். அப்போது பக்கத்துக் கதவு வழியாகத் தப்பியோடி, தக்க கருவிகளைப் பெற்றுத் திரும்பி வந்து வெல்ல வேண்டும். பின்வாங்குதலும் திறமையே என்பதை இந்த ஆட்டம் தொடக்கத்திலேயே உணர்த்துகிறது.

தொடங்குவோர் கவனத்திற்கு

இந்த வரலாற்றிலிருந்து புதியவர் பெறும் வழிமுறை எளியது. பயிற்சிக் களம் இருப்பின் அதனைத் தவிர்க்கக் கூடாது. முதலில் நடத்தல், பார்வைக் கோணத்தைத் திருப்புதல் ஆகியவற்றை மட்டும் பழக வேண்டும். அடுத்து விலகுதலும் தடுத்தலும். தாக்குதல் அதற்குப் பிறகே. ஒரே எதிரியிடம் பலமுறை தோற்றால், ஒருமுறை தாக்காமல் நின்று அதன் அசைவுகளை மட்டும் கவனித்தல் நன்று. எல்லா விசைகளையும் முதல் நாளிலேயே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. குடுமியான்மலைப் பாறையிலும் சுரங்கள் நான்கு நான்காகவே நிற்கின்றன.