நெடுவரிசைத் தலைப்பு
விரிதாளின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்ன தரவு இருக்கிறது என்று காட்டும் முதல் வரிசைப் பெயர். மென்பொருள் தானே இடும் ஏ, பி, சி எழுத்துகள் வேறு. எக்செல் 2007 முதல் அவை 16,384 நெடுவரிசைகள் வரை நீள்கின்றன. தலைப்பைப் பயனரே தட்டச்சிட வேண்டும். கலங்களை இணைத்துத் தலைப்பை அழகுபடுத்துவது பரவலான வழக்கம். வரிசைப்படுத்தலுக்கு இடையூறாவதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. அலகு தலைப்பிலேயே இருக்கட்டும்: ‘எடை (கிலோ)’ என்றிருந்தால் கீழே எண்கள் போதும். கலத்துக்குள் ‘5 கிலோ’ என்று எழுதினால் எக்செல் அதை உரையாகவே கொள்ளும், கூட்டலில் சேர்க்காது. கீழே நகரும்போது தலைப்பு மறையாதிருக்க ‘ஃப்ரீஸ் டாப் ரோ’ உதவும். அச்சுக்கு அது பயன்படாது. எல்லாப் பக்கங்களிலும் தலைப்பு வர, ‘பிரின்ட் டைட்டில்ஸ்’ வசதியில் அந்த வரிசையைத் தனியே குறிப்பிட வேண்டும்.