ஒத்தவயதினர் அழுத்தம்

ஒத்தவயதினர் அழுத்தம் என்பது, ஒருவர் தம் வயதையொத்த குழுவினரின் மதிப்பைப் பெறும்பொருட்டுத் தம் நடத்தையை அக்குழுவிற்கேற்ப மாற்றிக்கொள்ளத் தூண்டும் செல்வாக்கு ஆகும். படிப்பு, விளையாட்டு ஆகியவற்றில் இது நன்மையும் பயக்கலாம். எனினும், பதின்ம வயதினரின் இடர்மிகு செயல்களுக்கான காரணங்களுள் ஒன்றாகவும் இது கருதப்படுகிறது.

ஆய்வுகள்

அமெரிக்க உளவியலாளர்களான மார்கோ கார்ட்னர், லாரன்சு இசுட்டைன்பெர்க் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 306 பேர் கணினியில் வண்டியோட்டும் விளையாட்டை ஆடினர். 13 முதல் 16 வயதினர், தனியே ஆடியபோது இருந்ததைவிட நண்பர்கள் உடனிருந்தபோது மிகுதியான இடர்களை மேற்கொண்டனர். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. நண்பர்கள் பார்க்கின்றனர் என அறியும்போது, பதின்ம வயதினரின் மூளையில் வெகுமதி உணர்வுடன் தொடர்புடைய பகுதிகள் கூடுதலாகச் செயற்படுவதை 2011இல் வெளியான மூளைப்படிம ஆய்வு காட்டியது. எனவே, ஆபத்தை அறியாமை மட்டுமே காரணம் எனக் கூறவியலாது.

தமிழ்நாட்டில்

சென்னையில் ஒரே தடப் பேருந்தில் செல்லும் கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேர்வதும், அதன் தலைவர் 'ரூட்டு தல' என அழைக்கப்படுவதும் உண்டு. படியில் தொங்குதல், கூரைமேல் ஏறுதல், பிற கல்லூரி மாணவருடன் மோதுதல் ஆகியன அக்குழுவில் துணிவின் அடையாளங்களாக மதிக்கப்பட்டன. ஓட்டுநர், நடத்துநருக்கு நன்றி கூறும் விழாவாக அறியப்பட்ட 'பேருந்து நாள்' காலப்போக்கில் இதற்குக் களமாயிற்று. 2019 சூன் 17 அன்று, தடை இருந்தும் நடந்த இக்கொண்டாட்டத்தில், ஓட்டுநர் தடையை அழுத்தியதும் கூரைமேல் இருந்த மாணவர்கள் சாலையில் விழுந்தனர்.

மலைச்சாலைகள்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைச் சரிவில் போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிய சீப்புகளும் இவ்வழியே செல்கின்றன. இத்தகைய சாலையில், பின்னிருக்கை நண்பரின் பாராட்டுக்காக விரைந்து ஓட்டுபவர் தம் உயிரோடு எதிரே வருவோரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

தடுப்பு முறைகள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், 18 வயதுக்குட்பட்டோர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோரையோ உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது. இதற்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். தண்டனையோடு, குழுவில் மதிப்புப் பெறுவதற்கு விளையாட்டு, கலை, தொண்டு போன்ற வேறு வழிகளும் அமைதல் வேண்டும். குழுவினுள் முதலில் மறுத்துப் பேசும் ஒருவர் இருப்பின், தயங்கி நிற்கும் பிறரும் மறுப்பது எளிதாகிறது.