கிருமிக்குள் குடிவந்த வைரஸ்

பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். அப்படித் தாக்கும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். டைபாய்டு கிருமியின் மேலுறையைப் பற்றிக்கொள்ளும் ஒரு ஃபேஜை 1938-இல் கனடாவின் டொராண்டோவில் ஆய்வாளர்கள் கிரேகியும் யென்னும் பழக்கத் தொடங்கினார்கள். எந்தக் கிருமியில் வளர்த்தார்களோ, அந்தக் கிருமியையே நன்றாகக் கொல்லும்படி அது மாறிக்கொண்டது. இப்படி ஒரே ஃபேஜிலிருந்து பல வார்ப்புகள் பிறந்தன.

அந்த வார்ப்புகள் கடல் கடந்து லண்டன் காலிண்டேல் ஆய்வகத்துக்கு, ஆர்தர் ஃபீலிக்ஸிடம் வந்தன; அங்கிருந்து பல நாடுகளுக்குப் போயின. அவற்றைக் கொண்டு கிருமியை வகைபிரிக்கும் வேலை எளியதுதான். நோயாளியிடம் எடுத்த கிருமியை அகார் தட்டில் பரப்பி, ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் பார்ப்பார்கள். கிருமி செத்த இடம் தெளிந்திருக்கும். எந்தெந்தச் சொட்டுக்குச் செத்தது என்பதை வைத்து ஏ, டி6, இ1, 34 என்று வகை சொல்வார்கள். 1964-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 500-க்கும் மேற்பட்டோர் டைபாய்டில் படுத்தபோது, கிடைத்த வகை 34. பிரிட்டனில் அரிது, தென் அமெரிக்காவில் சகஜம். அர்ஜென்டினாவிலிருந்து வந்த டின் மாட்டிறைச்சியின் மேல் விழுந்த சந்தேகத்துக்கு அது வலுச் சேர்த்தது.

துப்புத் துலக்கும் அந்தக் கருவிக்குள்ளேயே ஒரு வேடிக்கை ஒளிந்திருந்தது. 1953-இல் ஆண்டர்சன் என்ற ஆய்வாளரும் ஃபீலிக்ஸும் அதை எழுதினார்கள். டி6 வகைக் கிருமிக்குள் வேறொரு ஃபேஜ், கொல்லாமல், சத்தமில்லாமல் குடியிருந்தது. ஏ வகையோ எல்லா வார்ப்புகளுக்கும் சாகிற அப்பாவி. அதற்குள் அந்தக் குடித்தனக்காரனை ஏற்றினார்கள். பிழைத்த கிருமிகள் டி6 ஆகிவிட்டன! வந்து குடியேறிய ஃபேஜ், வெளியிலிருந்து நுழையும் மற்ற ஃபேஜ்களில் பலவற்றைப் பெருகவிடாமல் தடுத்துவிடுகிறது. ஆக, கிருமியின் அடையாளம் என்று ஆய்வகம் பதிந்துவைத்தது பல நேரங்களில் உள்ளே இருந்த வைரஸின் கைவரிசை.

இதனால் முறை பொய்த்துவிடவில்லை. கிருமி இரண்டாகப் பிரியும்போது ஃபேஜும் கூடவே பிரிந்து வாரிசுகளுக்குப் போகிறது. ஒரு நோய்ப்பரவல் ஓயும் காலம்வரை வகை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் இரண்டு கிருமிகளின் வகை வேறு என்பதால் மட்டுமே அவை தூரத்து உறவு என்று சொல்லிவிட முடியாது. நடுவில் ஒரே ஒரு வைரஸ் தொற்று இருந்திருக்கலாம்.

தட்டும் சொட்டும் காலிண்டேலில் 2010-களில் ஓய்ந்தன. இப்போது அங்கே கிருமியின் மரபணுத்தொகுதி முழுவதையும் படிக்கிறார்கள். குடியிருக்கும் ஃபேஜும் அதோடு சேர்த்தே படிக்கப்படுகிறது.