கோதாவிலிருந்து வந்த முதலாளி

ஆஸ்திரேலியாவின் லெஸ் டார்சி கொல்லுப்பட்டறையில் தொழில் பழகிக் குத்துச்சண்டை மேடையேறியவர். 1917இல், 21 வயதிலேயே அமெரிக்காவில் மறைந்தார். கைமுதல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு உடம்பே முதலாக இருந்த காலம் அது. கோவையில் அந்த வழி வந்தவர் 1915இல் அந்நகரின் இராமநாதபுரத்தில் பிறந்த எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர்.

பஞ்சாலை வேலை ஒருபுறம், கர்லாக்கட்டையும் தண்டாலும் மறுபுறம் என வளர்ந்தவர், நண்பர்களோடு வீரமாருதி தேகப்பயிற்சிச் சாலையை நடத்தினார். பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ 1905ஐ ஒட்டி இந்தியாவில் சுற்றி வித்தை காட்டிச் சென்றபின், கட்டுடல் கொண்டவர்களை அவர் பெயராலேயே அழைப்பது இங்கே வழக்கமாயிற்று. தேவருக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது.

திருச்சி சாலையில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோ அவரை வேறு கோதாவுக்கு இழுத்தது. ஜூபிடரின் ‘ராஜகுமாரி’ (1947) எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம். அதில் தம்மோடு மோதுவதற்குத் தேவரே வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றதைத் திரையுலகம் இன்றும் சொல்லும். பொய்ச்சண்டை போடுகிறவர்களுக்குள் மெய்யான நம்பிக்கை வேண்டும். கை ஒரு அங்குலம் பிசகினால் மூக்கு போய்விடும். 1956இல் ‘தாய்க்குப் பின் தாரம்’ படத்தோடு தேவர் பிலிம்ஸ் பிறந்ததும், 1972க்குள் இருவரும் 16 படங்கள் செய்ததும் அந்த நம்பிக்கையால்தான் என்பது என் துணிபு.

தேவரை எழுதுவோர் பக்தியையும் படக்கணக்கையும் விரித்துவிட்டு, பயிற்சிச் சாலையை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். முதல் படத்திலேயே காளையோடு மல்லுக்கட்ட வைத்தவர், பிறகு புலி, யானை என்று போனதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. குறித்த நாளில் படத்தை முடிக்கும் கண்டிப்பும் அங்கே படிந்ததே. இயக்கமோ பெரும்பாலும் தம்பி எம்.ஏ. திருமுகத்தின் பொறுப்பு.

பக்தியும் பொய்யில்லை. ஆர்.எஸ்.புரத்திலிருந்து லாலி ரோடு, வடவள்ளி வழியாக மருதமலைக்குப் போகிறவர்கள் அவர் செய்த திருப்பணிகளைப் பார்த்திருப்பார்கள். எதிரே வருபவர் யாரானாலும் “முருகா” என்றே விளிப்பார்.

யானையை வைத்து அவர் எடுத்த ‘தெய்வச்செயல்’ (1967) ஓடவில்லை. வேறொருவர் அந்தக் கதையைத் தலைமுழுகியிருப்பார். தேவர் அதையே மெருகேற்றி, ராஜேஷ் கன்னாவை வைத்து 1971இல் இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’யாக எடுத்தார், வடநாடு முழுக்க ஓடியது. மறு ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேரம்’ என்று தமிழுக்கும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.