மெலியாய்டோசிஸ்

வெப்பமண்டல நாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ‘பர்க்கோல்டேரியா சூடோமல்லை’ என்னும் பாக்டீரியாவால் வரும் நோய். தோலின் கீறல், மூச்சு, குடிநீர் வழியே கிருமி உடலுக்குள் புகும். ஏறத்தாழப் பாதி நோயாளிகளுக்கு அது இரத்தத்திலும் பரவிவிடுகிறது. நுரையீரல் அழற்சியும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளும் உண்டாகும். மழைக்காலத்தில் வயலில் இறங்குவோரிடம், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம், அதிகம் காணப்படுகிறது.

1911இல் ரங்கூனில் பிணப் பரிசோதனை செய்த ஆல்ஃபிரட் விட்மோர், மார்ஃபியா பழக்கத்தால் நலிந்து இறந்தவர்களின் உறுப்புகளில் விசித்திரமான சீழ்க்கட்டிகளைக் கண்டார். குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியை ஒத்திருந்தாலும், இந்தக் கிருமி நகர்ந்தது, வேகமாக வளர்ந்தது. அவரும் அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1912இல் இதைப் புதிய நோயாக அறிவித்தனர். பின்னாளில் ‘விட்மோர் நோய்’ என்ற பெயரே பரவியது. கிருஷ்ணசாமியின் பங்கு அதில் மறைந்தது அநீதி. இன்றைய பெயரைக் கோலாலம்பூரில் ஆய்வு செய்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் 1921இல் சூட்டினர். எலிகளிடமிருந்து நோய் பரவுவதாக அவர்கள் கருதினர். மண்ணும் நீருமே கிருமியின் இருப்பிடம் என்பது 1950களில்தான் தெளிவாயிற்று.

இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவானார். அதன்பின் பல பத்தாண்டுகள் அங்கே இந்நோய் பற்றிய பேச்சு அரிதாகவே எழுந்தது. நோய் இல்லாததை இந்த மௌனத்துக்குக் காரணமாகக் கொள்ள முடியாது. இரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்து வளர்த்துப் பார்க்கும் வசதி பல கிராமப்புற மருத்துவமனைகளில் இருக்கவில்லை. வளர்ந்தாலும், சாதாரண சூடோமோனாஸ் என்றோ வெளியிலிருந்து கலந்த கிருமி என்றோ ஒதுக்கிவிடுவார்கள். காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் தவறான மருந்து கொடுப்பதும் உண்டு.

சிகிச்சையில் திருப்புமுனை வடகிழக்குத் தாய்லாந்தின் உபோன் ராட்சத்தானியில் நேர்ந்தது. பென்சிலினும் ஜென்டாமைசினும் பொதுவாக இக்கிருமியிடம் பலிப்பதில்லை. அங்கு நடந்து 1989இல் வெளியான ஆய்வில், செஃப்டாசிடைம் ஊசி கடும் நோயாளிகளின் இறப்பை 74 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைத்தது. தீவிர சிகிச்சை வசதி நிறைந்த ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறப்பு 10 சதவீதம் அளவுக்கு இறங்கியுள்ளது. கிருமி ஒன்றுதான், வேறுபாடு மருத்துவமனையிலும், நோயைக் கண்டறியும் வேகத்திலும் இருக்கிறது.

உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் 2016இல் வெளியான ஒரு கணிப்பு கூறியது. நோய் கண்டறியப்பட்டவருக்கு ஊசி மருந்து குறைந்தது 10 முதல் 14 நாள் வரை தேவை. பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதமாவது விழுங்க வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம்.