தமிழ் போட்டுக் கொடுத்த காலம்

விண்டோஸ் 98 போட்ட வீட்டுக் கணினியில் தமிழ் கிடையாது, ஒரு எழுத்துகூட. பிள்ளைகள் படிப்புக்கென்று கடன் வாங்கி அசெம்பிள் செய்த பெட்டி வீட்டுக்கு வரும். சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பையன் விளையாட்டுச் சிடியைப் போட்டுப் பார்ப்பான். கூட்டம் கலைந்த பிறகு வீட்டுப் பெரியவர் பக்கத்தில் வந்து, "தம்பி, இதுல தமிழ் போட்டுத் தர முடியுமா?" என்பார். திருச்சியில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் நான் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். வைரஸ் பற்றியும் வேகம் பற்றியும் கேட்டவர்கள்கூட அதற்கு அடுத்தபடிதான்.

என் பையில் அதற்கென்றே ஒரு சிடி இருந்தது. அதிலிருந்த சின்னச் சின்ன மென்பொருள்களில் பெரும்பாலானவற்றைத் தனி மனிதர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதியிருந்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். அது வளர்ந்து முரசு அஞ்சல் ஆனது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 90களின் தொடக்கத்தில் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் ஆசிரியரும் சிறுகதை எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி கணியன் மென்பொருளை உருவாக்கினார். 1997-இல் தமிழ் இணையத்துக்கென்று முதல் மாநாட்டையும் அங்கே கூட்டினார். திருச்சியில் ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் மகளுக்குத் தமிழில் மின்னஞ்சல் அனுப்பினார் என்றால், அதற்குப் பின்னால் கோலாலம்பூரும் லோசானும் சிங்கப்பூரும் இருந்தன.

ஆனால் அந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த இடத்தில் படிக்க முடிந்ததா என்பது வேறு கதை. டிடிபி மையங்களில் புழங்கிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் எண்களிலேயே தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினி என்ற எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் பெட்டியில் அது அம்மா, இல்லாத பெட்டியில் வெறும் ஆங்கிலக் குப்பை. வேறு சில எழுத்துருக்களில் அடித்தவை தொப்பியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வரும். பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, இணையத்தளத்துக்கு ஒரு எழுத்துரு. காலையில் நாலு தளங்களில் செய்தி படிக்கிற வீட்டில் நாலையும் இறக்கிப் போட்டிருப்போம். 'தமிழ் தெரியவில்லை' என்று யாராவது அழைத்தால், முதலில் எழுத்துருவின் பெயரைத்தான் கேட்பேன்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலகத் தமிழர்கள் இணையத்தில் மாதக்கணக்கில் விவாதித்துச் செய்த அட்டவணைதான் டிஸ்கி. 256 இடங்களில் முதல் பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, மேல் பாதியில் தமிழ் வடிவங்களை அடுக்கினார்கள். தமிழ் நூல்களை இலவச மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பல இதில் வந்தன. இதிலும் ஒரு சங்கடம். 'இ' உட்கார்ந்த 173-ஆம் இடம், வரி முடிவில் சொல்லை உடைக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறுகோட்டுக்கும் உரிய இடம். உலாவிகள் அதைக் கோடு என்று எண்ணி மறைத்துவிடும். இணையத்தில் 'இந்த' என்பது 'ந்த' என்று நிற்கும். அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு இ இல்லாத அந்தச் சொற்கள் நினைவிருக்கும். பிற்பாடு 'இ'க்கு இன்னொரு இடமும் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு தந்தவற்றில் எனக்கு மிகவும் உவப்பானது தமிழ்99 விசைப்பலகை. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங அடுத்து க, ந அடுத்து த வந்தாலும் அப்படியே. அம்மாவுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. பாமினியில் ஐந்து. வகுப்பில் படித்த தமிழ் இலக்கணமே விரலுக்கு வழி சொல்கிறது. இருந்தும் வீடுகளில் வென்றது ஆங்கில ஒலிபெயர்ப்புதான். 'அம்மா'வை ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழாக்கிக்கொள்ளும் வழி அன்றைக்கே கைக்கு எளிதாக இருந்தது. தமிழ்99-க்கு அரசாணை வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் விரல்வரை அது போய்ச் சேரவில்லை. இன்றும் எந்த வீட்டில் புதிய கணினி வைத்தாலும் பிள்ளைகளை உட்கார வைத்து முதலில் தமிழ்99 காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்துசேரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. விண்டோஸ் எக்ஸ்பியில் லதா எழுத்துரு இருந்தும் பூட்டித்தான் கிடந்தது. கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கட்டத்தில் டிக் அடித்தால், எக்ஸ்பி சிடியைப் போடு என்று கேட்கும். அசெம்பிள் செய்த பெட்டிகளில் பாதிக்குச் சிடி இருக்காது. அதனால் அதன் கோப்புகளின் நகலும் என் பையில் நிரந்தரமாக இருந்தது.

அடிப்பதற்கு இ-கலப்பை. முகுந்தராஜும் தமிழா குழுவினரும் ஆஸ்திரேலியாவின் கீமேன் மென்பொருள்மீது கட்டியது. திரையின் மூலையில் சின்னப் படமாக உட்கார்ந்திருக்கும். ஆல்ட் விசையோடு ஒரு எண்ணைத் தட்டினால் எந்தச் செயலியிலும் தமிழ் வரும். விசுவநாதனின் அழகி 2000-இலிருந்து ஒலிபெயர்ப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அதிராம்பட்டினத்து உமர்தம்பி தேனீ எழுத்துருவைச் செய்தார். விண்டோஸ் 98-இல் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எதையும் நிறுவாமல் யூனிகோடு பக்கத்தைப் படிக்க அது வழி செய்தது. 2006-இல் அவர் மறைந்தார். அவர் உழைப்பில் படித்தவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது என்பது எனக்குத் தீராத வருத்தம். பிறகு சென்னையிலிருந்து என்எச்எம் ரைட்டர் வந்தது. எக்ஸ்பி சிடி கேட்காமலே தமிழை இயக்கிக் கொடுத்தது. பாமினி, பழைய தட்டச்சு, தமிழ்99 என்று பழகிய விசையிலேயே யூனிகோடு அடிக்க விட்டது. டைப்ரைட்டிங் படித்த பெரியவர்கள் அதன் பிறகுதான் கணினியோடு சமாதானமானார்கள்.

தட்டச்சு மென்பொருள்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் அவற்றைவிடப் பெரிய உபகாரம் செய்தவை எழுத்துருமாற்றிகள். சுரதாவின் பொங்கு தமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை. பழைய எழுத்துருவில் இருப்பதை ஒரு பெட்டியில் ஒட்டினால் அடுத்த பெட்டியில் யூனிகோடு வரும். பார்க்க ஒன்றுமில்லாத வேலை. உள்ளே போனால்தான் தெரியும்.

பழைய எழுத்துருவில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம். 'கெ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க. யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். 'கொ' என்பதற்கு முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். மூன்றையும் பிடித்து இரண்டாக்க வேண்டும். அதனால் மாற்றியை எழுதுபவர் நீளமான கோவைகளை முதலிலும் தனியெழுத்துகளைக் கடைசியிலும் மாற்றுவார். இவ்வளவும் செய்த பிறகு ஔகாரம் காலை வாரும். அதன் பின்பாதியும் ள என்ற எழுத்தும் ஒரே வடிவம். 'கௌரி' என்று அடித்தது 'கெளரி' ஆகும். அதைச் சரிசெய்யப் போனால் 'வெளியே' என்பது 'வௌியே' ஆகும். இணையத்தில் இந்தப் பிழையோடு இன்றைக்கும் எத்தனையோ கட்டுரைகள் கிடக்கின்றன. பாமினி வகையில் இன்னொரு தொல்லை, ஊடே ஆங்கிலத்தில் இருந்த பி.ஏ. பட்டமும் தமிழாக மாறிப்போகும்.

உறையூர்ப் பக்கம் ஒரு தமிழாசிரியர். ஓய்வு பெற்றபின் சுற்றுப்பட்டு ஊர்ப்பெயர்களையும் குளம், வாய்க்கால் பெயர்களையும் கிழவர் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்தவர். 90களில் டிடிபி மையத்தில் அடிக்கக் கொடுத்தார். கைப்பிரதி கரையானுக்குப் போனது. மையமும் மூடிவிட்டது. மிஞ்சியது சிடியில் ஒரு பேஜ்மேக்கர் கோப்பு. அந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளோ 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. பழைய பெட்டி ஒன்றில் அதை நிறுவி, கோப்பைத் திறந்து, உரையை மட்டும் வெளியே எடுத்து, மாற்றியில் போட்டோம். முதல் பக்கத்து வாய்க்கால் பெயர்களை ஐயா சத்தம் போட்டுப் படித்தார். தகவல் தந்தவர்களின் பெயர்ப் பட்டியலுக்கு வந்ததும், "இவங்கள்ல ஒருத்தர்கூட இப்ப இல்ல தம்பி" என்றார். கோப்பில் அத்தனை பேரும் இருந்தார்கள். ஔகாரப் பிழைகளை நானும் அவரும் வரிவரியாகத் திருத்தினோம். அதை எந்த மென்பொருளுக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இப்போது கைப்பேசியிலேயே தமிழ் வருகிறது. கைப்பேசியில் தமிழ் அடிக்கும் செல்லினம் 2005 பொங்கலுக்கு வந்தது. தமிழ் போட்டுத் தரச் சொல்லி யாரும் அழைப்பதில்லை. அழைப்பவர்கள் பழைய கோப்போடு அழைக்கிறார்கள்: குடும்ப வரலாறு, சங்கத்து மலர், அப்பா எழுதிய நாடகம். அவர்களுக்கு நான் சொல்வது இது. கோப்பை மட்டும் எடுத்துவராதீர்கள். அந்தப் பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால், சி டிரைவில் விண்டோஸ் அடைவுக்குள் ஃபான்ட்ஸ் என்ற அடைவு இருக்கும். அதையும் முழுசாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால்தான் எந்த அட்டவணையால் மாற்றுவது என்று தெரியும். மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஔவும் ளவும் வருகிற இடங்களை வீட்டில் தமிழ் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.